காஞ்சிக்குப் போகிற வழியில் ஒரு சாடி

காஞ்சிபுரத்துக்கு நடந்து போகிறவனுக்கு வழியில் யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதை 500 அடிகளில் சொல்லும் நூல் பெரும்பாணாற்றுப்படை. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பரிசு வாங்கித் திரும்பும் பாணன், இனிமேல் வாங்கப் போகிற பாணனுக்கு வழி சொல்கிறான். பாதையைவிடப் பந்தியைச் சொல்வதில்தான் அவனுக்கு உற்சாகம். எயினர், ஆயர், உழவர் என்று ஒவ்வொரு குடியிருப்பாகக் கடந்து வலைஞர் வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் நின்று, ஒரு செய்முறையையே ஒப்பிக்கிறான்.

தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்ச வேண்டும். அகன்ற வாயுள்ள தட்டில் கொட்டி நன்றாக ஆறவிட வேண்டும். அப்புறம் நெல்முளையை இடித்து அதில் பிசைய வேண்டும். சாடியில் ஊற்றி இரண்டு பகல், இரண்டு இரவு விட்டுவிட வேண்டும். பச்சை வாடை போய் முற்றியதும் விரலால் அலைத்துப் பிழிந்தால் ஆயிற்று. தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.

மரத்திலிருந்து இறக்கினால் கள். தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அதைப் புளிக்க வைத்தால் பீர். இந்த இலக்கணப்படி பார்த்தால், வலைஞர் வீட்டுச் சாடியில் இருந்தது அரிசி பீர்தான். அதே நூலில் எயினர்களும் வீட்டிலேயே சமைத்த தோப்பியைக் குடிக்கிறார்கள். அதுவும் நெல்லில் செய்ததுதான். ஆக, வீட்டில் பீர் காய்ச்சுவது மேல்நாட்டு மோகம் என்று சொல்கிறவர்கள், 1889இல் உ.வே.சா. பதிப்பித்த பத்துப்பாட்டை ஒருமுறை புரட்டலாம்.

இதை எனக்குச் சுட்டிக்காட்டியவர் தமிழாசிரியர் அல்லர். வாலாஜாபாத்தில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்து, சிங்கப்பூரில் கணினி வேலை பார்க்கும் நண்பர். வார இறுதிகளில் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் பீர் காய்ச்சுகிறார். அங்கே அது குற்றமில்லை. 2004 முதல் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சிக்கொள்ளலாம். 18 வயது ஆகியிருக்க வேண்டும், விற்கக் கூடாது, வடித்துச் சாராயம் இறக்கக் கூடாது. இங்கிலாந்தில் 1963இலேயே வீட்டு பீருக்கு உரிமம் தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் இதற்கான சட்டத்தில் கையெழுத்துப் போட, அது அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

அவருடைய சாமான்கள் அப்படியொன்றும் பயமுறுத்துவதாக இல்லை. கல்யாண வீட்டு ரசத்துக்கு வைக்கிற அளவில் ஒரு எவர்சில்வர் அண்டா, ஒரு வெப்பமானி, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, அதன் தலையில் காற்று வெளியேற வளைந்த குழாய். உடைத்த பார்லி மால்ட்டை 65, 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுவார். அந்தச் சூட்டில் மால்ட்டிலிருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். சூடு ஏறிவிட்டால் நொதி செத்துவிடும், இறங்கிவிட்டால் சோம்பிவிடும். வடித்த இனிப்பு நீரில் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டு மறுபடி ஒரு மணி நேரம் கொதி. ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் மறுநாள் காலையில் குழாய் குமிழ்விடத் தொடங்கும். “முக்கால்வாசி வேலை பாத்திரம் தேய்க்கறதுதான் சார், மீதி காத்திருக்கறது” என்பார்.

ஊரிலிருந்து அவருடைய அம்மா வந்திருந்தபோது மால்ட் ஊறும் வாசனை கூடம் வரைக்கும் வந்திருக்கிறது.

“டேய், யாரு வீட்ல ஹார்லிக்ஸ் காய்ச்சறாங்க?”

“நம்ம வீட்லதாம்மா.”

அம்மா எழுந்து வந்து மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். “இதுக்கா இவ்ளோ சாமான்? உனக்குப் பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடி கேவுரு மொளகட்டிக் காயவெச்சு மாவரைச்சுக் கஞ்சி ஊத்தனேன். அதேதானேடா இது.”

அதேதான். ஹார்லிக்ஸின் அடிப்படையும் மால்ட்தான். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, காயவைத்து, வறுத்து அரைக்கிற ஒவ்வொரு தாயும் மால்ட்டிங் என்ற தொழிலைச் செய்கிறார். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் சுரக்கின்றன. அதனால்தான் முளைகட்டிய மாவில் வைத்த கஞ்சி கெட்டியாகாமல் இளக்கமாக இருக்கிறது, பிள்ளைக்கும் சீக்கிரம் செரிக்கிறது. அடுத்த கட்டத்தில் ஈஸ்ட் என்ன செய்யும் என்பதை மகன் விளக்கியதும் அம்மா மூடியைப் பழையபடி மூடிவிட்டு, “அத மட்டும் ஊர்ல யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத” என்றாராம்.

அதற்குப் பிறகுதான் நண்பருக்குப் பாணன் சொன்ன சாடி ஆசை பிடித்தது. முளைக்கும் உயிருள்ள பழுப்பரிசி தேடிப் பிடித்தார், களி கிண்டினார். இங்கேதான் எனக்கு அந்தப் புலவர் மேல் மரியாதை கூடியது. பார்லியைப்போல அரிசியை நேரே வெந்நீரில் ஊறப்போட்டால் போதாது. அரிசி மாவுச்சத்து இளகுவதற்கு அதிகச் சூடு வேண்டும், முதலில் வேகவைத்தே ஆகவேண்டும். வெந்த சூட்டிலேயே முளையைச் சேர்த்தால் நொதி செத்துப்போகும், ஆகவே ஆறவைக்க வேண்டும். பாட்டிலுள்ள வரிசை அப்படியே இதுதான். காய்ச்சு, அகலத் தட்டில் ஆற்று, அப்புறம் முளையைச் சேர். சமையலறைப் பக்கமே போகாதவர் எழுதியிருக்க முடியாது.

ஈஸ்ட் எங்கிருந்து வந்தது என்று பாட்டில் இல்லை. கழுவியும் கழுவாத பழைய சாடியின் சுவரில் அது ஒட்டியிருந்திருக்கும். இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. களியில் சேர்ப்பதை ‘அடை’ என்றே சொல்லும் புலவர், அதைப் பாம்பு வாழும் புற்றிலுள்ள புற்றாஞ்சோற்றுக்கு ஒப்பிடுகிறார். அதை நெல்முளை என்றவர் உரைகாரர். புற்றாஞ்சோறோ கறையான் வளர்க்கும் பூஞ்சைத் திட்டு, பஞ்சுபோல வெளுத்திருக்கும். ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கம் ஹண்டியா என்ற அரிசி பீருக்கு ராணு என்று ஒரு மாத்திரை போடுகிறார்கள். அரிசி மாவையும் மூலிகையையும் உருட்டிப் பூஞ்சையும் ஈஸ்ட்டும் படியவிட்டுக் காயவைத்தது. சிக்கிமில் அதற்கு மர்ச்சா என்று பெயர். வலைஞர் வீட்டு அடையும் அந்த மாதிரி ஒன்றாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் மட்டும்தான்.

நண்பரின் சாடி இரண்டு நாளில் என்ன ஆயிற்று? பழைய சோற்றுத் தண்ணீர் வாசனையோடு, வெளேரென்று கலங்கலாக, நாக்கில் லேசாகப் பொங்கும் ஒரு புளிப்பு. போதை என்று சொல்ல ஒன்றுமில்லை. வறுத்த கானாங்கெளுத்தியோடு குடித்தபோதுதான் பாணன் ஏன் மீனைச் சேர்த்துச் சொன்னான் என்பது புரிந்தது என்கிறார். எண்ணெய்ப் பசையை அந்தப் புளிப்பு அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

அவருடைய வழக்கமான பீர் வேறு ரகம். நான் சுவைத்தது ஒரு ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல். முதல் மடக்கில் ஆரஞ்சுத் தோல் வாசனை, விழுங்கியபின் அடிநாக்கில் வேப்பம்பூ ரசத்தின் கசப்பு. கசப்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும் நமக்கு இது சீக்கிரம் பழகிவிடும். இந்த ரகத்தின் பெயரிலேயே இந்தியா இருக்கிறது. மாதக்கணக்கில் கப்பலில் வருகிற பீர் கெடாமலிருக்க ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டு இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபாத்தே ஒரு காலத்தில் கம்பெனிப் படையின் முகாம். வெள்ளைச் சிப்பாய்களுக்கு வாய்த்தது பெரும்பாலும் சாராயமும் கறுப்பு போர்ட்டரும்தான், வெளிர் பீரெல்லாம் துரைமாருக்கு. பிறகு நீலகிரியிலும் பெங்களூரிலும் ஆலைகள் வந்தன. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்திய ஆலைகள் ஐந்தைச் சேர்த்து யுனைடெட் புருவரீஸை உண்டாக்கினார்.

நண்பர் தனியாகக் குடிப்பதில்லை. காய்ச்சுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடி, லேபிள் இல்லாத பாட்டில்களைக் கைமாற்றிக் குறைசொல்லிக்கொள்கிறார்கள். வெண்ணெய் வாசனை வந்தால் ஈஸ்ட் தன் வேலையை முடிப்பதற்குள் அவசரப்பட்டுவிட்டீர்கள். பெயிண்ட் தின்னர் வாடை வந்தால் அறை சூடு அதிகம். ஒருவர் நுரைக்காக பாட்டிலில் சேர்க்கும் சர்க்கரையை லிட்டருக்கு ஆறு கிராமோடு நிறுத்தாமல் கைவாகாகப் போட்டு, நள்ளிரவில் அலமாரிக்குள் பாட்டில்கள் வெடித்திருக்கின்றன. இப்போது அவர் கிராம் தராசு வாங்கிவிட்டார். வெப்பமான ஊர்க்காரர்களுக்கு உதவிக்கு வந்திருப்பது, வேடிக்கை பாருங்கள், குளிர்ந்த நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காயவைத்துப் பாதுகாத்த க்வைக் என்ற ஈஸ்ட். 35 டிகிரிக்கு மேலும் கோளாறில்லாமல் வேலை செய்கிறது. வாலாஜாபாத்தின் சித்திரை மாதத்துக்கே செய்தது போலிருக்கிறது.

ஆனால் வாலாஜாபாத்தில் அதை வாளியில் போட முடியாது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம், முதலில் சேலம் மாவட்டத்துக்காக ராஜாஜி ஆட்சி கொண்டுவந்தது, இன்றும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரித்தால் குற்றம். இருபது லிட்டர் வாளிக்கும் காட்டு ஊறலுக்கும் சட்டம் பெரிய வித்தியாசம் பார்க்காது. கள்ளும் 1987 முதல் தடை. 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். அரசே கடை நடத்தும் மாநிலத்தில் வீட்டில் காய்ச்சுவது மட்டும் ஒழுக்கக்கேடு என்பது எனக்கு விளங்கவில்லை. கோயில் ஊரில் இதெல்லாம் எதற்கு என்பாரும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் நடப்பதே காஞ்சித் தெருக்களில்தான். அதில் குடிகாரக் காபாலிகனுக்கு மதுக்கடை வேள்விச்சாலையாகத் தெரிகிறது. எழுதியவன் அரசன்.

அரசின் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மரக்காணத்திலும் 2023 மே மாதம் கள்ளச்சாராயம் குடித்து இருபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதைத் தாண்டியது. உடனே சட்டத்தை இன்னும் கடுமையாக்கினார்கள். அங்கெல்லாம் கொன்றது தொழிற்சாலை மெத்தனால். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாகி, கண் நரம்பைத் தின்று, ஆளைச் சாய்ப்பது. தானியம் புளித்தால் மெத்தனால் அந்த அளவில் வராது. பீரை வடிக்காததால் அது செறிவதும் இல்லை. வெளியிலிருந்து பார்க்கிற காவலருக்கு மட்டும் வாளி வாளிதான். அந்தச் சிக்கலுக்கு 30 லிட்டர், 18 வயது, விற்பனை கூடாது என்ற சிங்கப்பூர்க் கணக்கு ஒரு தெளிவான பதிலாக எனக்குத் தெரிகிறது. இங்கே அதை யாரும் பேசப்போவதில்லை என்பதும் தெரிகிறது. இத்தனைக்கும் அசாமின் திமாசா மக்களின் ஜூடிமா என்ற வீட்டு அரிசி மதுவுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்மூர் இளைஞர்களுக்குப் பெங்களூர் இருக்கிறது. 2010இல் இந்திராநகரில் டாய்ட் என்ற கடை திறந்ததிலிருந்து அண்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து குடிக்கும் கடைகள் அங்கே பெருகிவிட்டன.

போன பங்குனியில் ஊருக்கு வந்த நண்பர் பெட்டியில் ஹைட்ரோமீட்டரை மட்டும் கொண்டுவந்திருந்தார். நீரில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று காட்டும் கண்ணாடி மிதவை. பீரில் 1.050இல் ஆரம்பித்து 1.010இல் வந்து நின்றால் ஆல்கஹால் சுமார் ஐந்தேகால் சதவீதம். பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பதநீர் விற்கிறவரிடம் ஒரு சொம்பு வாங்கி, குழாயில் ஊற்றி, மிதவையை விட்டார். 1.050ஐ ஒட்டி நின்றது. ஒரு மணி நேரம் அண்டா வைத்துப் பார்லியிலிருந்து எடுக்கிற அதே இனிப்பை மரம் சும்மா கொடுக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள், வழக்கு. விற்கிறவருக்கு எங்கள் ஆராய்ச்சி பிடிக்கவில்லை. பால்காரரிடம் லாக்டோமீட்டர் பார்த்துப் பழகியவர் போல. “நல்லா வெச்சுப் பாத்துக்கோங்க சார். ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல” என்றார்.