பூட்டிய லேபுக்குள் ஒரு லினக்ஸ் பிறக்கிறது!

செமஸ்டர் தொடங்க இன்னும் சில நாள்தான். மாணவர்கள் வருவதற்கு முன்னால் ஒரு கல்லூரி கம்ப்யூட்டர் லேப் எப்படி இருக்கும் தெரியுமா? ஏசி ஓடாது. நாற்காலிகள் சுவரோரம் அடுக்கியிருக்கும். ஒரே ஒரு மானிட்டர் மட்டும் விழித்திருக்கும். இந்த செமஸ்டர் முழுக்க வகுப்பே திறந்து, எழுதி, உடைத்து, மறுபடி எழுதப்போகும் லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின் அங்கேதான் உருவாகிறது. வாங்க, எட்டிப் பார்த்துவிடுவோம்!

அண்ணா பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் 2021-இல் கிளவுட் கம்ப்யூட்டிங் லேப் இந்த வேலையோடுதான் ஆரம்பிக்கிறது. விண்டோஸுக்கு மேல் விர்ச்சுவல்பாக்ஸ் அல்லது விஎம்வேர் போட்டு, அதற்குள் லினக்ஸ் ஏற்ற வேண்டும். பிறகு அந்த லினக்ஸுக்குள் சி கம்பைலர் நிறுவி புரோகிராம் ஓட்ட வேண்டும். ரெக்கார்ட் நோட்டில் இதெல்லாம் சில பக்கத்தில் முடிந்துவிடும். திரைக்குப் பின்னால் நடப்பதோ தனித் திருவிழா!

முதல் காட்சி, பயாஸ். கம்ப்யூட்டரை ஆன் செய்த கையோடு எஃப்2-வையோ எஃப்10-ஐயோ தட்டி உள்ளே போய், பிராசஸரின் விர்ச்சுவலைசேஷன் வசதி எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இன்டெல் இதைத் தன் சிப்புகளில் 2005-இல் கொண்டுவந்தது. அதற்கு முன் சாதாரண பிசிக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்ட எவ்வளவு வித்தை தேவைப்பட்டது! விஎம்வேர் 1999-இல் அந்த வித்தையைச் செய்து காட்டியது. அதற்கும் முன்னால், 1972-இல் ஐபிஎம் விஎம்/370 வந்தபோது, இது பெரிய மெயின்பிரேம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கிடைத்த வசதி. இன்று முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவரின் லேப்டாப்பில் அதே வசதி! நினைத்தாலே சிலிர்க்கிறது.

விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் அடியில் ஒரு பச்சை ஆமை தெரிந்தால் லேப் அசிஸ்டென்ட் உடனே நிமிர்ந்து உட்காருவார். ஆமாம், நிஜமான ஆமைப் படம்தான்! விண்டோஸின் ஹைப்பர்-வி முன்னாலேயே பிராசஸரைப் பிடித்துக்கொண்டது, இனி வேகம் குறையும் என்பதற்கு அது அடையாளம். ஹைப்பர்-வியை அணைத்து ரீஸ்டார்ட் செய்தால் ஆமை காணாமல் போய்விடும்.

அடுத்து உபுண்டு 24.04 என்ற லினக்ஸ். நான்கு ஜிபி ரேம், 25 ஜிபி டிஸ்க். லேப்டாப்பில் மொத்தமே நான்கு ஜிபி என்றால் அதன் இலகுவான வடிவமான லுபுண்டு கைகொடுக்கும். இந்த 25 ஜிபியில் ஒரு ரகசியம் இருக்கிறது. தனக்கு 25 ஜிபி டிஸ்க் இருக்கிறது என்று உள்ளே இருக்கும் லினக்ஸ் முழு மனதோடு நம்பும். வெளியே விண்டோஸில் அது வெறும் ஒரு ஃபைல். எழுத எழுதத்தான் வளரும்!

தான் எங்கே ஓடுகிறோம் என்று அந்த லினக்ஸுக்குத் தெரியுமா? டெர்மினலில் ‘சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்’ என்று கேட்டால் ‘ஆரக்கிள்’ என்று ஒரே சொல்லில் பதில் வருகிறது. விர்ச்சுவல்பாக்ஸ் இப்போது ஆரக்கிள் கையில்தானே இருக்கிறது! ஐபி முகவரியைப் பாருங்கள்: 10.0.2.15. வகுப்பு தொடங்கியதும் பக்கத்து மேஜையிலும் 10.0.2.15. அதற்கடுத்ததிலும் அதேதான்! ஆனாலும் ஒன்றோடொன்று மோதாது. ஒவ்வொரு மெஷினுக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் தனித்தனியாக ஒரு குட்டி நெட்வொர்க் போட்டுக் கொடுத்திருக்கிறது. நெட்வொர்க்கிங் பாடத்தில் என்ஏடி நடத்த இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

ஜிசிசி, ஜிடிபி, கிட், பைத்தான் எல்லாம் ஏற்றியாயிற்று. இதை நகலெடுத்துத்தான் மாணவர்களுக்குக் கொடுக்கப்போகிறார்கள், அதனால் இனிமேல்தான் வெளியே யாரும் பார்க்காத வேலை. கட்டளை வரலாற்றை அழிக்கிறார்கள். மெஷின் ஐடி ஃபைலைக் காலி செய்கிறார்கள், ஒவ்வொரு நகலும் முதல்முறை எழும்போது தனக்கென்று புது ஐடி உண்டாக்கிக்கொள்ளும். டிஸ்கின் காலி இடத்தை எல்லாம் பூஜ்யத்தால் நிரப்பி, பிறகு சுருக்குகிறார்கள். கடைசியில் ஓவிஏ என்ற ஒற்றை ஃபைல் வெளியே வருகிறது. அதைப் பிரித்தால் உள்ளே மெஷினின் விவரக் குறிப்பும் சுருக்கிய டிஸ்கும் பத்திரமாக இருக்கின்றன.

பென் டிரைவில் ஏற்றினால், ‘ஃபைல் பெரிது’ என்று அடம் பிடிக்கிறது. ஃபேட்32-இல் நான்கு ஜிபியைத் தாண்டிய ஃபைல் ஏறாது! எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்ததும் சமர்த்தாக ஏறிக்கொள்கிறது. ஆப்பிள் எம்1 போன்ற சிப் உள்ள மேக் வைத்திருப்பவர்களுக்கு ஏஆர்எம் லினக்ஸில் தனி இமேஜ்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கட்டம். ஸ்னாப்ஷாட்! அந்த பட்டனை அழுத்தியதும் டிஸ்க் அப்படியே உறைந்துவிடும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் வேறொரு ஃபைலுக்குப் போகும். பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமா? ‘ரீஸ்டோர்’ கொடுத்தால் போதும், விர்ச்சுவல்பாக்ஸே அந்த ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடும், சில நொடி வேலை!

பயமில்லாமல் எதையும் உடைக்கலாம் என்பதுதானே இதன் அர்த்தம்! ஷேர்டு ஃபோல்டரை மட்டும் முதலில் கழற்றிவிட வேண்டும். வெளியே உள்ள விண்டோஸுக்குப் போக அது ஒரு வாசல், அழிவு அதன் வழியாகவும் கடந்துவிடும். கழற்றியாயிற்றா? இப்போது ரூட்டாக நின்று, பாதுகாப்புத் தடையையும் நீக்கி, மொத்த சிஸ்டத்தையும் அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளை. எண்டர்!

ஃபைல்கள் சரசரவென்று மறைகின்றன. ‘எல்எஸ்’ அடித்தால், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது. ஆனால் ‘எக்கோ’ போட்டு ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் வைத்துப் பாருங்கள், மிச்சமிருக்கும் பெயர்களை அழகாக வரிசையாகச் சொல்கிறது! எப்படி? ‘எல்எஸ்’ டிஸ்கில் கிடந்த தனி புரோகிராம், அதனால் போய்விட்டது. ‘எக்கோ’ ஷெல்லுக்குள்ளேயே இருப்பது. ஷெல்லோ மெமரியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. புராசஸ் என்றால் என்ன, ஃபைல் என்றால் என்ன என்ற பாடம் ஒரே நிமிடத்தில் கண்ணெதிரே நடந்து முடிகிறது. பிறகு ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், எல்லாம் இருந்த இடத்தில்!

‘எதையும் தொடாதே, கெட்டுப்போகும்’ என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகள் நாம். இந்த லேபில் தயாராவது ‘தொடு, உடை, ஏன் உடைந்தது என்று பார்’ என்ற அனுமதி. அந்த அனுமதி கிடைத்த மாணவர் கட்டளையை மனப்பாடம் செய்ய மாட்டார், கேள்வி கேட்பார். அதற்காகத்தான் இத்தனை நாள் வேலையும். உங்கள் லேப்டாப்பிலும் இடம் இருக்கும், விர்ச்சுவல்பாக்ஸும் உபுண்டுவும் இலவசம். நிறுவுங்கள், ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள், இன்றைக்கே எதையாவது உடைத்துப் பாருங்கள்!