கணிப்பொறிக்குள் ஒரு காத்திருப்பு வரிசை

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் ஒரு நெசவாளர் வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அன்று தறியிலிருந்து இறங்கிய பட்டுச் சேலையைக் காணொளியாக எடுத்து, சென்னையிலுள்ள கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார் அண்ணன். அதே வீட்டில் தங்கை, இணையத்தின் வழியாக ஆசிரியரிடம் கணக்கில் ஐயம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதுவரை தெளிவாக இருந்த பேச்சு திடீரெனத் தடுமாறுகிறது. அவள் கேட்ட கேள்வி ஒரு விநாடிக்குப் பிறகே ஆசிரியரை எட்டுகிறது. காணொளி போய்ச் சேர்ந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது.

இது ஏன் நிகழ்கிறது? 'இணையத்தில் வேகம் போதவில்லை' என்று சொல்லிவிடலாம். ஆனால் பேச்சுக்குத் தேவையான வேகம் மிகக் குறைவு. உண்மையான காரணம் வேறு. அது ஒரு வரிசையில் ஒளிந்திருக்கிறது.

பொட்டலங்களின் வரிசை

நாம் அனுப்பும் எந்தச் செய்தியும் வலையமைப்பில் முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டே போகிறது. ஒரு பொட்டலம் பொதுவாக 1,500 பைட், அதாவது 12,000 பிட் வரை இருக்கும். அந்த வீட்டிலிருந்து வெளியே செல்லும் இணைப்பின் வேகம் விநாடிக்கு 20 லட்சம் பிட் என்று கொள்வோம். ஒரு பொட்டலம் வெளியேற 6 மில்லி விநாடி ஆகும். அண்ணனின் காணொளிப் பொட்டலங்கள் 200 வரிசையில் நிற்கும்போது தங்கையின் குரல் கடைசியில் வந்து சேர்ந்தால், அது காத்திருக்க வேண்டிய நேரம் 1.2 விநாடி! இயல்பாகப் பேச வேண்டுமானால், குரல் மறுமுனையை எட்ட ஏறத்தாழ 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. பேச்சு தடுமாறாமல் என்ன செய்யும்?

இந்த வரிசை எங்கே இருக்கிறது? கணிப்பொறியில் எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்து, செயலியையும் நினைவகத்தையும் வலையமைப்பையும் பங்கிட்டுத் தரும் நிரலுக்குக் 'கெர்னல்' என்று பெயர். அதுவே இயங்குதளத்தின் கரு. வீட்டின் மூலையில் விளக்குகள் மினுக்கும் ரவுட்டர் பெட்டியும் ஒரு சிறு கணிப்பொறியே. அத்தகைய பெட்டிகள் பலவற்றில் லினக்ஸ் கெர்னல் இயங்குகிறது. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய நிரல் இது. இதன் ஒவ்வொரு வரியையும் யாரும் படிக்கலாம், திருத்தலாம். இதையே 'திறந்த மூலம்' என்கிறோம்.

400 கஜத்தில் ஒரு நெரிசல்

வரிசை நெரிசல் புதிய தொல்லையன்று. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜத் தொலைவில், விநாடிக்கு 32,000 பிட் சென்ற இணைப்பு 40 பிட்டாகச் சுருங்கிப்போனது. பொட்டலம் தாமதமானதும், அது தொலைந்துவிட்டதாக எண்ணிக் கணிப்பொறிகள் மீண்டும் மீண்டும் அதையே அனுப்பின. நெரிசல் மேலும் முற்றியது. வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து 1988-ல் ஒரு தீர்வை வெளியிட்டார். பொட்டலம் தொலைந்தால் அதை நெரிசலின் அடையாளமாகக் கொண்டு, அனுப்புபவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொட்டலம் தொலைந்தால்தான் அனுப்புபவருக்குச் செய்தி எட்டும். பின்னாளில் நினைவகம் மலிந்தது. பொட்டலம் தொலையக் கூடாதென்று நீண்ட வரிசைகளை வைத்தார்கள். வரிசை நிரம்பி வழியும்வரை ஒன்றும் தொலையாது. எனவே அனுப்புபவரும் வேகத்தைக் குறைக்கமாட்டார். நல்ல எண்ணத்தில் செய்ததே தாமதத்துக்குக் காரணமாகிவிட்டது.

அத்திவரதர் தரிசனமும் 'பை' முறையும்

2019-ல் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில், 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதரைக் காண 48 நாள் மக்கள் திரண்டதை நினைத்துப் பாருங்கள். கோயில் வாசல் வரை எல்லாரையும் வரவிட்டு, அங்கே இடமில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? வரிசை நீளத் தொடங்கும்போதே, ஊருக்கு வெளியில் சிலரிடம் 'நாளை வாருங்கள்' என்று சொல்லிவிடுவது நல்லது. முதியோருக்கும் கைக்குழந்தையுடன் வருவோருக்கும் தனி வரிசை வைப்பது இன்னும் நல்லது.

கெர்னலும் இந்த இரண்டையும் செய்ய முடியும். முதலாவதைச் செய்யும் முறைகளில் ஒன்று 'பை'. சிஸ்கோ நிறுவனத்தில் ரோங் பானும் அவருடைய குழுவினரும் உருவாக்கி 2013-ல் வெளியிட்ட முறை இது. 2017-ல் வெளியான இதன் இணைய ஆவணத்தின்படி, வரிசையில் காத்திருக்கும் நேரம் 15 மில்லி விநாடியை ஒட்டி இருக்க வேண்டும். 15 மில்லி விநாடிக்கு ஒருமுறை மணி அடித்ததுபோல் ஒரு கணக்கு நடக்கிறது. தாமதம் இலக்கைத் தாண்டினால் அல்லது ஏறுமுகமாக இருந்தால், வரும் பொட்டலங்களில் கைவிட வேண்டிய விகிதம் சற்றுக் கூட்டப்படும். தாமதம் இறங்கினால் விகிதமும் குறைக்கப்படும்.

இரண்டாவது, ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசை. இவ்விரண்டையும் இணைத்தால் கிடைப்பது 'எஃப்.கியூ.-பை'. அண்ணனின் காணொளி ஒரு வரிசையிலும் தங்கையின் குரல் வேறொரு வரிசையிலும் நிற்கும். குரல் வரிசையின் முறை விரைவில் வந்துவிடும்.

இந்த நிரலை லினக்ஸ் கெர்னலில் சேர்த்தவர்கள் யார் தெரியுமா? கர்நாடகத்தின் சூரத்கல்லில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் மோகித் தகிலியானியும் அவருடைய மாணவர்களுமே. 2020 ஜனவரியில் ஏற்கப்பட்ட அது, அவ்வாண்டு மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 பதிப்பில் இடம்பெற்றது.

பிழை எங்கே ஒளிந்திருக்கும்?

சாதாரண நிரலில் பிழை நேர்ந்தால் அந்த நிரல் மட்டும் நின்றுபோகும். கெர்னலில் நேர்ந்தாலோ கணிப்பொறி முழுவதும் நின்றுவிடலாம். ஆகையால் கெர்னலில் சேரும் ஒவ்வொரு மாற்றமும் பலருடைய பார்வைக்கு உட்படுகிறது. அப்படியும் பிழைகள் தப்பிவிடுகின்றன. 'எஃப்.கியூ.-பை' நிரலில் தப்பியிருந்த மூன்றைப் பார்ப்போம். பெரிய பேராசிரியர்கள் எழுதினாலும் இத்தகைய பிழைகள் நேரும். ஆகவே இது குறை சொல்வதற்கன்று, கற்றுக்கொள்வதற்கே.

முதற்பிழை. நிரலைத் தொடங்கும்போது எத்தனை தனி வரிசைகள் வேண்டும் என்று கேட்கலாம். வழக்கமாக 1,024. உச்ச அளவு 65,536. ஒருவர் அந்த உச்ச அளவைக் கேட்டவுடன் கணிப்பொறி அசையாமல் நின்றுவிட்டது. காரணம் என்ன? வரிசைகளை ஒவ்வொன்றாக எண்ணிய எண்ணியில் 16 பிட்டுகளே இருந்தன. அது 0 முதல் 65,535 வரைதான் எண்ணும். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டி 99,999-க்குப் பின் 00,000 ஆவதுபோல, 65,535-க்குப் பின் அது மீண்டும் 0 ஆயிற்று. '65,536-ஐ எட்டும்வரை எண்ணு' என்ற கட்டளை ஒருநாளும் நிறைவேறாது அல்லவா? 2020 டிசம்பரில், அந்த அளவையே மறுத்துவிடும் திருத்தம் வந்தது. அது நோயை விட்டு வலிக்கு மருந்து போட்டது போன்றது. 2021 மே மாதத்தில் எண்ணியையே 32 பிட்டாக அகலப்படுத்தி நோயைத் தீர்த்தார்கள்.

இரண்டாம் பிழை இன்னும் நுட்பமானது. ஒரு தெருவில் இரண்டே வீடுகள்; கதவிலக்கம் 0, 1 என்று கொள்வோம். ஆனால் கடிதங்களைப் பிரிப்பவர் 1, 2 என்று எண்ணுகிறார். அவர் தரும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்த பிறகே கதவைத் தட்ட வேண்டும். கழிக்க மறந்தால் 2 என்று குறித்த கடிதம் தெருவுக்கு வெளியே வேறு யாருடைய வீட்டுக்கோ போய்விடும். நிரலில் அந்தக் கழித்தல் விடுபட்டிருந்தது. பொட்டலம் தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொட்டது. 1,024 வரிசைகள் இருக்கும்போது ஓர் உரையாடல் அந்தத் தவறான இடத்தில் விழும் வாய்ப்பு 1,024-ல் ஒன்று. விழுந்தாலும் உடனே ஒன்றும் தெரியாமல் போகலாம். ஓராண்டுக்கும் மேலாக யார் கண்ணிலும் படாமல் அது கிடந்தது. ரெட் ஹேட் நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு பொறியாளர் வரிசைகளின் எண்ணிக்கையை 2 ஆக்கிச் சோதித்துக் காட்டினார். வாய்ப்பு பாதிக்குப் பாதியாயிற்று. பிழை வெளிச்சத்துக்கு வந்தது. அதுவும் 2021 மே மாதத்திலேயே திருத்தப்பட்டது.

மூன்றாவது, நிரலை மூடும்போது நிகழ்வது. 15 மில்லி விநாடிக்கு ஒருமுறை அடிக்கும் மணியைச் சொன்னோம். அந்த மணி ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அடுத்த முறைக்குத் தானே நேரம் குறித்துக்கொள்ளும். அது ஓயட்டும் என்று கெர்னல் காத்திருந்தால், அது மறுபடியும் நேரம் குறித்துக்கொள்ள இடமிருந்தது. 'இனி நேரம் குறிக்காதே' என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு நிறுத்த வேண்டும். 2021 டிசம்பரில் எரிக் டுமாசே இதைத் திருத்தினார். திருத்தம் ஒரே வரிதான்: இடைவெளியைச் சுழி ஆக்கு!

மூன்றிலும் ஒரு பொதுத்தன்மையைக் கவனித்தீர்களா? உச்ச எண், கடைசி இடம், மூடும் கணம். பிழைகள் நடுவில் இல்லை, எல்லைகளில் இருந்தன. உங்கள் கணக்கு நோட்டிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

பிழையைத் தேடும் கருவிகள்

கெர்னலைச் சோதிக்கப் பல கணிப்பொறிகள் வேண்டுமோ என்று நீங்கள் அஞ்ச வேண்டாம். ஒரே கணிப்பொறிக்குள் ஒரு மெய்நிகர்க் கணிப்பொறியை ஓடவிட்டு, அதற்குள் பல தனித்தனி வலையமைப்புகளை அமைக்கலாம். அவற்றுக்கிடையே வேண்டுமென்றே தாமதத்தையும் இழப்பையும் உண்டாக்கலாம். சோதனைக் கெர்னல் விழுந்தால் மெய்நிகர்க் கணிப்பொறிதான் விழும். உங்கள் மேசைக் கணிப்பொறிக்கு ஒன்றும் ஆகாது.

நினைவகத் தவறுகளைக் காட்டிக்கொடுக்க 'காசான்' என்ற காவலர் உண்டு. ஒவ்வொரு நினைவகப் பகுதியைச் சுற்றியும் அது ஒரு தடைவேலி போடும். யாராவது வேலியைத் தொட்டால், எந்த நிரல், எந்த இடத்தில் தொட்டது என்று அச்சிட்டுவிடும். செயலி ஒரே இடத்தில் 20 விநாடிக்கு மேல் சிக்கிக்கிடந்தால் கூச்சலிடும் 'காவல் நாய்' ஒன்றும் உண்டு. முதற்பிழையில் கணிப்பொறி சிக்கியதை அறிவித்தது அதுவே.

நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை. இடையில் 1,000 மாற்றங்கள் நடந்திருக்கின்றன. எது குற்றவாளி? 1,000 முறை சோதிக்க வேண்டியதில்லை. நடுவிலுள்ள மாற்றத்தை முதலில் சோதியுங்கள். அங்கே நன்றாக ஓடினால் பிழை பின்பாதியில், ஓடாவிட்டால் முன்பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 10 சோதனைகளில் குற்றவாளி அகப்படுவான். ஏனெனில் 2-ஐப் பத்து முறை பெருக்கினால் 1,024.

தறியில் அமர்ந்தவர் இழை அறுந்ததும் நெசவை நிறுத்துகிறார். பாவில் ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்தது எது என்று தேடி, முடிச்சிட்டு, பிறகே அடுத்த ஊடையைக் கோக்கிறார். இழைகள் அவர் கண்முன் விரிந்திருப்பதால்தான் அது இயலுகிறது. கெர்னலிலும் அப்படியே. நிரல் மூடிக்கிடந்தால், சூரத்கல்லில் எழுதியதை வேறொரு நாட்டுப் பொறியாளர் சோதித்துத் திருத்தியிருக்க முடியாது. திறந்து கிடந்ததால் முடிந்தது.

வாசகர்களே, அந்த நிரலை நீங்களும் இன்றே படிக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்: 'இங்கே சுழி வந்தால் என்ன ஆகும்? கடைசி எண் வந்தால் என்ன ஆகும்?' முசரவாக்கத்துத் தங்கையின் கேள்வி ஆசிரியரை உரிய நேரத்தில் எட்டுவது, யாரோ ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டதால்தான்.