கறுப்புத் திரை – 11: நேராக நின்ற தவறு

2014 பிப்ரவரி 21 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசர அவசரமாக ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. ஐஓஎஸ் 7.0.6. அதில் சரிசெய்யப்பட்டது ஒரே ஒரு வரி. 'கோட்டு ஃபெயில்' என்ற அந்த வரி, நிரலில் ஓரிடத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை வந்துவிட்டிருந்தது.

சி மொழி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். 'இஃப்' என்று ஒரு நிபந்தனை எழுதி, அதன்பின் நெளி அடைப்புக்குறி போடாவிட்டால், அடுத்து வரும் ஒரே ஒரு கட்டளைதான் அந்த நிபந்தனைக்குக் கட்டுப்படும். 'சோதனை தோற்றால் ஃபெயில் என்ற இடத்துக்குப் போ' என்பது முதல் வரி. அதில் தவறில்லை. இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் உட்பட்டதில்லை. சோதனை வென்றாலும் தோற்றாலும் 'ஃபெயில்' என்ற இடத்துக்குப் போ என்கிறது. அதனால் அதற்குக் கீழே இருந்த முக்கியமான வேலை, அதாவது எதிர்முனையில் இருப்பவரின் கையொப்பத்தைச் சரிபார்ப்பது, ஒருபோதும் நடக்கவில்லை. அதுவரை பிழை எதுவும் பதிவாகாததால் 'எல்லாம் சரி' என்ற பதிலே திரும்பிப் போனது. ஒரே வைஃபையில் இருக்கும் இன்னொருவர், உங்கள் வங்கியின் தளம்போல நடுவில் வந்து நிற்க வழி திறந்துவிட்டது.

இதை ஏன் யாரும் பார்க்கவில்லை? அந்த இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளி, ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நின்றன. பார்த்த கண் இரண்டையும் நிபந்தனைக்குள் சேர்த்துப் படித்துவிட்டது. சி மொழியைப் பொறுத்தவரை வரியின் முன்னால் விடும் இடைவெளிக்கு எந்தப் பொருளும் கிடையாது. மனிதன் இடைவெளியைப் படிக்கிறான், கம்பைலர் இலக்கணத்தைப் படிக்கிறது. இரண்டும் வேறு வேறு கதை சொன்னதுதான் அங்கே நடந்தது.

நிரலை ஒழுங்குபடுத்தும் கருவிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அழகுக்காகத்தானே' என்று ஒதுக்குபவர்களிடம் நான் சொல்வது இந்த உதாரணத்தைத்தான். 'கிளாங்-ஃபார்மட்' போன்ற ஒரு கருவியை அந்தக் கோப்பின்மீது ஓட்டியிருந்தால், இரண்டாவது வரி இடப்பக்கம் நகர்ந்து, நிபந்தனைக்கு வெளியே தனியாக வந்து நின்றிருக்கும். கருவி பிழையைத் திருத்தாது, திருத்தவும் கூடாது. நிரலின் உண்மையான அமைப்பு எதுவோ அதை அப்படியே கண்ணுக்குக் காட்டும். பார்ப்பது நம் வேலை.

இந்த வகைக் கருவிகள் புதியவை அல்ல. 'இண்டென்ட்' என்ற கட்டளை 1970களிலேயே இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்து, பெர்க்லி யூனிக்ஸோடு பரவியது. ஆனால் அதில் அமைப்புகள் ஏராளம். அடைப்புக்குறி எங்கே வரவேண்டும், எத்தனை ஸ்பேஸ் உள்தள்ள வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் தனக்கென ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டது. கருவி வந்தும் சண்டை தீரவில்லை.

தீர்த்தது கோ மொழி. கூகுளில் ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் ஆகிய மூவரும் உருவாக்கி 2009 நவம்பரில் வெளியிட்ட இந்த மொழியோடு 'கோஃபம்ட்' என்ற கட்டளையும் சேர்ந்தே வந்தது. எழுதியவர் கிரீஸ்மர். டேப்பா ஸ்பேஸா என்று அது உங்களைக் கேட்பதில்லை: உள்தள்ள டேப், வரிசை சேர்க்க ஸ்பேஸ், அவ்வளவுதான். எனக்கு அதன் சில முடிவுகள் பிடிக்காது. ஆனாலும் பதினைந்து பேர் உட்கார்ந்து அடைப்புக்குறிக்காக ஒரு மதியத்தைச் செலவழித்த கூட்டங்களில் நானும் இருந்திருக்கிறேன். அந்த மதியங்களை மீட்டுக்கொடுத்த கருவி இது.

டெர்மினலில் வேலை எளிது. கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் ஒழுங்கான வடிவத்தைத் திரையில் காட்டும், கோப்பைத் தொடாது. '-எல்' சேர்த்தால் ஒழுங்கில்லாத கோப்புகளின் பெயர்களை மட்டும் பட்டியலிடும். '-டி' என்றால் எந்த வரி எப்படி மாறும் என்ற வேறுபாட்டைக் காட்டும். '-டபிள்யூ' கொடுத்தால்தான் கோப்பிலேயே எழுதும். புதியவர்கள் '-டி'யில் தொடங்குங்கள், ஒரு வாரமாவது.

உள்ளே நடப்பது எழுத்துகளை அங்குமிங்கும் தள்ளுவது அல்ல. நிரலை இலக்கணப்படி பிரித்து ஒரு மரமாக்குகிறது. பிறகு அந்த மரத்திலிருந்து முழு நிரலையும் புதிதாக எழுதுகிறது. கடினமான இடம் கமெண்ட்டுகள்தான். அவை இலக்கணத்தில் எங்கும் சேராதவை. ஒரு கமெண்ட் மேல் வரியைச் சேர்ந்ததா, கீழ் வரியைச் சேர்ந்ததா என்று ஊகித்து, எழுதியவர் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்ப வைக்கவேண்டும்.

இந்த முறையால் வேறொரு பலனும் கிடைத்தது. 2012இல் கோவின் முதல் நிலைப் பதிப்பு வருவதற்கு முன் மொழியும் அதன் நூலகங்களும் அடிக்கடி மாறின. பழைய நிரல்களை 'கோஃபிக்ஸ்' என்ற இன்னொரு கட்டளை தானாகவே புதிய முறைக்கு மாற்றிக் கொடுத்தது. மனிதன் எழுதியதும் கருவி எழுதியதும் ஒரே வடிவில் இருந்ததால், மாறவேண்டிய வரிகள் மட்டுமே மாறின.

பழைய திட்டத்தில் ஒழுங்குபடுத்தும் கருவியைக் கொண்டுவருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், பல ஆண்டுகளாக வளர்ந்த நிரல் முழுவதையும் ஒரே நாளில் ஒழுங்குபடுத்தினோம். மறுநாள், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார் என்று காட்டும் 'கிட் பிளேம்' கட்டளையைப் போட்டால், வரிக்கு வரி அந்த ஒழுங்குபடுத்தலே வந்து நின்றது. இந்தக் கணக்கை ஏன் இப்படி எழுதினார்கள் என்று கேட்கக்கூட, எழுதியவர் யாரென்று தெரியவில்லை. அது பெரிய இழப்பு. இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. 2019இல் வந்த கிட் 2.23 பதிப்பில் இதற்கு வழி இருக்கிறது. ஒழுங்குபடுத்தலை வேறெந்த மாற்றத்தோடும் கலக்காமல் தனி கமிட்டாகப் போடுங்கள். அதன் அடையாளத்தை ஒரு கோப்பில் எழுதி, பிளேம் பார்க்கும்போது இதைத் தாண்டிப் போ என்று கிட்டுக்குச் சொல்லிவிடலாம். இப்போது நான் இருக்கும் திட்டத்தில் அப்படி ஒரு கோப்பு உண்டு. அதில் இருப்பது நாற்பது எழுத்து நீளமுள்ள ஒரே ஒரு வரி. அதைத் தாண்டிப் போனால், ஒவ்வொரு வரிக்கும் அதை எழுதியவர் பெயர் இன்னும் இருக்கிறது.