அரை டிகிரியின் கணக்கு

‘பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?’ மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) உள்ளவர்கள் அடிக்கடி கேட்க நேரும் கேள்வி இது. காலையில் மாடிப்படி ஏறியவர், மதியம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். சோம்பலா, நடிப்பா, குடித்திருக்கிறாரா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். விடை நரம்புக்குள் இருக்கிறது.

உறையில்லாத நரம்பிழையில் மின்செய்தி வினாடிக்குச் சுமார் ஒரு மீட்டர்தான் நகரும். நாம் நடக்கும் வேகம். எல்லா நரம்பும் இப்படியே இருந்தால், மூளை இட்ட கட்டளை கால்விரலை எட்ட ஒன்றரை வினாடிக்கு மேலாகும். ஓடுவதைப் பற்றி நினைக்கவே முடியாது. நம்மைக் காப்பாற்றுவது மையலின். நரம்பிழையைச் சுற்றிச் சுற்றி அடுக்கப்பட்ட கொழுப்பும் புரதமும் கலந்த உறை அது. அதைப் போர்த்திய வேகமான நரம்பிழைகளில் செய்தி வினாடிக்கு 120 மீட்டர் வரை பாயும். மணிக்கு 430 கிலோமீட்டர்!

உறை தொடர்ச்சியாக இல்லாததில்தான் சூட்சுமம். நீண்ட துண்டு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள இடைவெளி, மறுபடி துண்டு. இடைவெளிகளில் மட்டுமே மின்செய்தி புதுப்பிக்கப்படுகிறது, நடுவில் தாவுகிறது. மூளையில் இந்த உறையை நெய்யும் ஒரே செல், பல டஜன் துண்டுகளைப் போர்த்திவிடும்.

எம்.எஸ்.ஸில் உடலின் நோயெதிர்ப்புப் படையே இந்த உறையைத் தாக்குகிறது. பார்வை நரம்பில் தாக்கினால் கண் மங்கும். சிறுமூளையில் தாக்கினால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். குடிகாரப் பட்டம் கிடைப்பது இதனால்தான். 1868இல் பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தான் ஷார்கோ, இத்தகைய அறிகுறிகளையும் மூளை, தண்டுவடத் தழும்புகளையும் இணைத்து இதைத் தனி நோயாக நிறுவினார்.

காலைக்கும் மதியத்துக்கும் ஏன் அத்தனை வித்தியாசம்? உடல் சூடேறினால், மின்செய்தியைப் புதுப்பிக்கும் நரம்பின் சோடியம் வாயில்கள் சீக்கிரமே மூடிக்கொள்ளும். உறை முழுதாக உள்ள நரம்பு சமாளித்துவிடும். உறை தேய்ந்ததில் அரை டிகிரி ஏற்றமே செய்தியை நிறுத்தப் போதும். குளிர்ந்ததும் திரும்ப ஓடும். உடற்பயிற்சிக்குப் பின் நோயாளிகளின் பார்வை மங்குவதை 1890இலேயே பதிவு செய்தார் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊத்தாஃப்.

உடலும் சும்மா இருப்பதில்லை. உறையிழந்த இடத்தில் புதிய சோடியம் வாயில்கள் முளைக்கும், மெல்லிய உறை திரும்ப வளரும், மூளை மாற்றுப்பாதை தேடும். அதனால் பல தழும்புகள் வெளியே எதையும் காட்டுவதில்லை, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியவரும். அந்த வசதி வருவதற்கு முன் பிரிட்டிஷ் செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு பிரே விரல்களில் உணர்வை இழந்தபோது, மனச்சிக்கல் என்றே முதலில் கருதினார்கள். எம்.எஸ். என்ற உண்மை தெரிந்தது 1973இல், அவரது 28ஆம் வயதில்.

ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயமும் உண்டு. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றினால் எம்.எஸ். வாய்ப்பு 32 மடங்கு கூடுவதாக, ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆனால் அந்த வைரஸ் உலகில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட பெரியவர்களின் உடலில் ஏற்கெனவே குடியிருக்கிறது. எம்.எஸ். இருப்பதோ சுமார் 28 லட்சம் பேருக்குத்தான். தொட்டால் எம்.எஸ். பரவாது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் எம்.எஸ்.ஸும் ஒன்று. எம்.எஸ். உள்ள சக ஊழியர் மின்விசிறிக்கு அடியில் இடம் கேட்டால், கேட்பது அந்த அரை டிகிரியைத்தான். தாராளமாகக் கொடுக்கலாம்.