ஒரு கம்பியை உருவினார்... டூட்டூவே மாறிப்போச்சு! 1950-களின் பாலே டிரெஸ் கதை

லெஹங்காவுக்குள்ள ரிங் வெச்ச கேன்-கேன் போட்டு, ஒரு ரிசப்ஷன் முழுக்க சமாளிச்ச அனுபவம் உங்களுக்கு இருக்கா? எனக்கு இருக்கு. நிக்கிற வரைக்கும் இளவரசி. சேர்ல உட்கார்ந்ததும் முன்பக்கம் அப்படியே எழும்பி மூஞ்சிக்கு நேரா வந்துடுச்சு. சித்தி வந்து பக்கத்துல உரசி நின்னா, இந்தப் பக்கம் தாழ்ந்து அந்தப் பக்கம் தூக்குது. அன்னிக்குப் பாதி நேரம் பாவாடையை அமுக்கிப் பிடிக்கிறதுதான் என் வேலையா இருந்தது.

நான் சும்மா நின்னு போட்டோவுக்கு போஸ்தான் கொடுத்தேன். இதே மாதிரி வளையம் வெச்ச பாவாடையோட ஒரே மேடையில சுமார் 50 பேர் குதிச்சு, சுழன்று, ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் உரசிக்கிட்டு ஆடணும்னா எப்படியிருக்கும்? 1950-களில் நியூயார்க்கில் இந்தச் சிக்கலுக்கு விடை கண்டுபிடிச்சது, அப்போது 60 வயதைத் தாண்டியிருந்த ஒரு பெண். பெயர், பார்பரா கரின்ஸ்கா.

அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ரீவைண்ட்.

பாலேன்னதும் நம்ம கண்ணு முன்னாடி வர்ற அந்தப் பாவாடைக்குப் பெயர்தான் டூட்டூ. ஆரம்பத்தில் அது குட்டையாவும் இல்லை, தட்டையாவும் இல்லை. 1832-ல் பாரீஸில் ‘லா சில்ஃபீட்’ பாலேவில் மேரி டாக்லியோனி அணிந்தது, கெண்டைக்கால் வரை மணி மாதிரி இறங்கும் வெள்ளைப் பாவாடை. மேடையில் அப்போ கேஸ் விளக்குகள். மெல்லிய துணி, பக்கத்திலேயே நெருப்பு. 1862-ல் பாரீஸ் ஆபராவில் ஒத்திகையின்போது எம்மா லிவ்ரி என்ற இளம் பாலரீனாவின் பாவாடை தீப்பிடித்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். தீப்பிடிக்காத ரசாயனத்தில் நனைத்த துணி அப்போதே இருந்தது. ஆனா, அது விறைப்பா, மங்கலா இருக்குன்னு அவர் வேண்டாம்னு சொல்லியிருந்தார். படிச்சதும் கொஞ்ச நேரம் போனை கீழே வெச்சுட்டேன்.

பிறகு நடன அசைவுகள் கடினமாகக் கடினமாக, கால் தெரியணும்ங்கிறதுக்காகப் பாவாடை மேலே ஏறிக்கிட்டே போனது. 20-ம் நூற்றாண்டில், இடுப்பைச் சுற்றிக் கிடைமட்டமா நீட்டி நிற்கும் ‘பான்கேக் டூட்டூ’ வந்தது. நம்ம ஊர் கணக்குல சொன்னா, இடுப்புல ஒரு பெரிய தோசை. அந்தத் தோசை தொய்யாமல் இருக்க, வலைத்துணி அடுக்குகளுக்கு நடுவில் ஒரு கம்பி வளையம். நான் போட்ட கேன்-கேன் ரிங்கின் தாத்தான்னு வெச்சுக்கோங்க.

தனியா ஒருத்தர் ஆடும்போது இது அட்டகாசமா இருக்கும். கூட்டமா ஆடும்போதுதான் சிக்கலே. வளையம் ஒரே துண்டு. பக்கத்தில் ஆடுறவங்க பாவாடை ஒரு ஓரத்தில் பட்டா, மறு ஓரமும் சேர்ந்து ஆடும். தட்டே சாய்ந்துவிடும். இடுப்பைப் பிடித்துத் தூக்கும் ஆண் நடனக்கலைஞருக்கும் நடுவில் ஒரு கம்பி வேலி.

இப்போ நியூயார்க்குக்கு வருவோம். ரஷ்யாவிலிருந்து வந்த நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சீன், லிங்கன் கர்ஸ்டைனுடன் சேர்ந்து 1948-ல் ‘நியூயார்க் சிட்டி பாலே’வைத் தொடங்கினார். அவருடைய நடனங்களில் வேகம் அதிகம், ஆட்களும் அதிகம். பிசே 17 வயதில் எழுதிய இசைக்கு அவர் அமைத்த ‘சிம்பொனி இன் சி’யின் கடைசிக் காட்சியில் சுமார் 50 பேர் மேடையை நிறைப்பார்கள். அவர்கள் அப்போது ஆடிய சிட்டி சென்டர் மேடையோ ரொம்பச் சின்னது. 

அந்த பாலேவுக்கு 1950-ல் புது வெள்ளை உடைகள் தைக்கும் வேலை கரின்ஸ்காவிடம் வந்தது. 1886-ல் இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகரில் பிறந்தவர். எம்ப்ராய்டரியில் கை தேர்ந்தவர். 1920-களில் சோவியத் நாட்டை விட்டு வெளியேறி, பாரீஸில் பாலே உடைகள் தைத்து, பிறகு அமெரிக்கா வந்தவர். ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ படத்துக்காக டொரத்தி ஜீக்கின்ஸுடன் ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்டவர். ஆடை வடிவமைப்புக்கு ஆஸ்கர் கொடுக்க ஆரம்பித்ததே அந்த வருஷம்தான்!

அவர் செஞ்ச காரியம் கேட்க ரொம்ப சிம்பிள். கம்பியை எடுத்துட்டார்.

ஆனா, கம்பியை எடுத்தா பாவாடை தொங்கிடுமே? அங்கதான் அவருடைய கைவேலை. நீளத்தைக் குறைத்தார். பாவாடை குட்டையானால் எடை குறையும், தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். சுருக்கம் வைத்த வலைத்துணியில் ஆறேழு அடுக்குகள் மட்டும். ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிட அரை இன்ச் நீளம். அடுக்குகளைக் கச்சிதமாக ஒட்டவைக்காமல், ஆங்காங்கே தளர்வாக ஒரு தையல் போட்டு விட்டுவிட்டார். விளைவு, தட்டு மாதிரி நீட்டாமல், தொடையை நோக்கி மெதுவாகச் சரியும் ஒரு பஞ்சுப் பொதி. பார்க்க பவுடர் பஃப் மாதிரியே இருந்ததால் ‘பவுடர் பஃப் டூட்டூ’ என்றே பெயர் வந்துவிட்டது. இரண்டு பேர் உரசினால் அமுங்கும், விலகினால் பழையபடி பொங்கும். அவ்ளோதான்!

பாவாடையைப் பத்தியே எல்லாரும் பேசுவாங்க. என்னைக் கேட்டா, கரின்ஸ்காவின் பெரிய வித்தை மேல்சட்டையில்தான் இருக்கு. ஒரு கர்ச்சீஃபை எடுத்து இடதும் வலதுமா இழுத்துப் பாருங்க. நீளாது. இப்போ எதிரெதிர் மூலைகளைப் பிடிச்சு இழுங்க. நீளுதா? நம்ம டெய்லர் அக்காக்கள் ப்ளவுஸுக்கு ‘கிராஸ் கட்டிங்’னு சொல்றாங்களே, அதே விஷயம். ஸ்ட்ரெட்ச் துணி இன்னும் பரவலாகாத காலத்தில், கரின்ஸ்கா மேல்சட்டையின் பகுதிகளைக் கிராஸாக வெட்டித் தைத்தார். உடம்பை ஒட்டியும் இருக்கும், மூச்சு இழுக்கும்போது கொஞ்சம் விட்டும் கொடுக்கும். இருபது நிமிஷம் ஓடிக் குதிச்சு ஆடுற ஒரு பெண்ணுக்கு, விலா எலும்பு விரிய அந்த ஒரு துளி இடம் எவ்வளவு பெரிய விஷயம்னு, டைட் ப்ளவுஸ் போட்டு பிரியாணி சாப்பிட்டவங்களுக்குத் தெரியும்.

அந்தப் பத்தாண்டு முழுக்க இந்த ஜோடி வேலை பார்த்துக்கொண்டே இருந்தது. 1954-ல் ‘நட்கிராக்கர்’. கரின்ஸ்கா அதற்காக வடிவமைத்த உடைகளில்தான் நியூயார்க் சிட்டி பாலே இன்றும் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் சீசனிலும் ஆடுகிறது. 1956-ல் ‘அலெக்ரோ பிரில்லான்ட்’டுக்கு முழங்கால் வரை வழுக்கி இறங்கும் ஷிஃபான் உடை. இன்று எந்த பாலே ஸ்கூல் ஆண்டுவிழா வீடியோவைப் பார்த்தாலும் அதன் பேத்திகள் ரெண்டு பேராவது இருப்பாங்க.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு பக்கம் கரின்ஸ்காவை வைத்து டூட்டூவைச் செதுக்கிக்கொண்டிருந்த அதே பாலன்சீன், இன்னொரு பக்கம் டூட்டூவையே கழற்றிப் போட்டார். 1951-ல் ‘தி ஃபோர் டெம்பரமென்ட்ஸ்’, ‘கன்சர்டோ பரோக்கோ’ இரண்டுக்கும் பழைய ஆடம்பர உடைகளைத் தூக்கிவிட்டு, வெறும் பிராக்டீஸ் உடையில் ஆடவைத்தார். 1957-ல் ‘அகான்’ அரங்கேறியபோதும் அப்படித்தான். பட்ஜெட்டும் மிச்சம், உடலின் கோடும் பளிச்! ஆனா, மறைக்க எதுவுமே இல்லாத உடை, ஆடுற பெண்ணின் உடம்பு மேல வேற ஒரு பாரத்தை ஏத்திவெச்சதுங்கிறதையும் சொல்லணும். ஒல்லியா இருந்தே ஆகணும்ங்கிற அழுத்தத்தைப் பற்றி பாலே உலகம் இன்னிக்கு வரைக்கும் பேசிக்கிட்டிருக்கு. டூட்டூ ஒரு விதத்தில் கருணையான உடைதான்.

பான்கேக் டூட்டூ அழிஞ்சு போகலை. ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ மாதிரியான ராஜசபைக் கதைகளுக்கு இன்னும் அதுதான். பொய் சொல்லலை, தனியா நிக்கிற ஒரு பாலரீனாவுக்கு அந்தத் தட்டு கொடுக்கிற கம்பீரம் எனக்கும் பிடிக்கும்.

அடுத்த தடவை பாலே ரீல் ஏதாவது வந்தா ஸ்க்ரோல் பண்ணாம ஒரு செகண்ட் பாஸ் பண்ணுங்க. பாவாடை விளிம்பு நேர்கோடா, விறைப்பா நின்னா உள்ளே வளையம் இருக்க வாய்ப்பு அதிகம். விளிம்பு கலைஞ்சு, பஞ்சு மாதிரி கீழே சரிஞ்சா அது கரின்ஸ்கா வழி. ஆடுறவங்க குதிச்சு இறங்கின பிறகு பாருங்க. கால் நின்ன பிறகும் பாவாடை மட்டும் அரை நொடி தாமதமா அடங்கும்.