மத்தியத் திடல் வேந்தர் பாபி சார்ல்டன்

மாலை வேளையில் நம் தோட்டத்துத் திடலில் மாணவர்கள் பந்தாடுவதைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பந்து செல்லும் இடமெல்லாம் எல்லாரும் ஓடுவர். கோல் போட எல்லாருக்கும் ஆசை. நடுவில் நிற்க எவருக்கும் மனம் வருவதில்லை. ஆயினும் ஆட்டத்தை உருவாக்குபவர் அங்கே நிற்பவரே. தற்காப்பினரிடமிருந்து பந்தை வாங்கி, முன்னணியினருக்கு அளித்து, பந்து பறிபோனால் திரும்பி ஓடி எதிரணியைத் தடுப்பவரே மத்தியத் திடல் ஆட்டக்காரர். இப்பணியில் உலகப் புகழ் எய்தியவர் இங்கிலாந்தின் பாபி சார்ல்டன்.

அவர் 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், வட இங்கிலாந்தில் ஆஷிங்டன் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். தந்தை சுரங்கத் தொழிலாளி. தாயுடன் பிறந்தவர்களுள் நால்வர் தொழில்முறைக் காற்பந்து வீரர்கள். 1953-இல் மான்செஸ்டர் யுனைடெட் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால், பந்தை மட்டும் நம்பிப் பிழைக்க இயலுமா என்று தாய் ஐயுற்றார். ஆகவே, மகன் மின்பொறியியல் தொழிற்பயிற்சியிலும் சேர்ந்தார். புத்தகத்தை மூடிவிட்டுத் திடலே கதியென்று கிடக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் அத்தாயின் கவலையை நன்கு அறிவர். 1954-இல்தான் சார்ல்டன் தொழில்முறை ஆட்டக்காரரானார்.

1958 பிப்ரவரி 6-ஆம் நாள், பெல்கிரேடில் விளையாடிவிட்டுத் திரும்பிய குழுவின் விமானம், மியூனிக் நகரின் பனிச்சேறு படிந்த ஓடுபாதையில் மூன்றாம் முறை மேலெழ முயன்றபோது நொறுங்கியது. 23 பேர் மாண்டனர்; அவர்களுள் 8 பேர் விளையாட்டாளர்கள். இருக்கையோடு வெளியே வீசப்பட்ட சார்ல்டன் உயிர் தப்பினார். அப்போது அவருக்கு வயது 20. சில வாரங்களில் மீண்டும் திடலில் இறங்கினார். உடன் உண்டு உறங்கிய தோழர்களை இழந்த இளைஞர் எவ்வாறு பந்தை உதைத்தார் என்பதை எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது.

தொடக்கத்தில் முன்னணியிலும் இடப்புற ஓரத்திலும் ஆடிய அவர், பின்னரே நடுவுக்கு வந்தார். அதன் பயன் 1966 உலகக் கிண்ணப் போட்டியில் விளங்கியது. மெக்சிகோவுக்கு எதிராகத் தம் பாதித் திடலிலிருந்தே பந்தை உருட்டிச் சென்று, தொலைவிலிருந்து இடியென உதைத்துக் கோல் போட்டார். அரையிறுதியில் போர்த்துகலை 2-1 என வென்றபோது இரு கோல்களும் அவருடையவையே. மகன் ஆடிய அந்த ஆட்டத்தைக் காணத் தந்தை வரவில்லை. தம் முறைக்குச் சுரங்கத்தில் வேலைக்கு இறங்கியிருந்தார்.

இறுதியாட்டத்தில் சார்ல்டன் கோல் போடவில்லை. மேற்கு ஜெர்மனியின் பெக்கன்பவரை அவர் காத்தார். அவரைப் பெக்கன்பவர் காத்தார். இருவரும் ஒருவரையொருவர் முடக்கிவிட, இங்கிலாந்து 4-2 என வென்றது. கோல் போட்டவரின் பெயரை மட்டும் எழுதிவைப்போருக்கு இவ்வுழைப்பு தெரியாது.

1968-இல் பென்ஃபிகாவை 4-1 என வென்று மான்செஸ்டர் யுனைடெட் ஐரோப்பியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. குழுத் தலைவராய் நின்ற அவர் இரு கோல்கள் போட்டார். 1973-இல் அக்குழுவிலிருந்து விலகும்வரை அதற்காக 758 ஆட்டங்கள் ஆடி, 249 கோல்கள் போட்டார். 2023 அக்டோபர் 21-ஆம் நாள் மறைந்தார்.

1970-இல் மெக்சிகோவில் நடந்த உலகக் கிண்ணக் காலிறுதி இன்றும் விவாதிக்கப்படுகிறது. கடும் வெயிலில் அதே மேற்கு ஜெர்மனியை எதிர்த்து இங்கிலாந்து 2-0 என முன்னணியில் இருந்தது. பெக்கன்பவர் ஒரு கோல் போட்டார். அடுத்த ஆட்டத்திற்காக ஓய்வளிக்க எண்ணிய பயிற்றுநர் ராம்சி, 32 வயதுச் சார்ல்டனை வெளியே அழைத்தார். கூடுதல் நேரத்தில் இங்கிலாந்து 2-3 எனத் தோற்றது. முதல் கோல் விழுந்தபோது சார்ல்டன் திடலில்தான் இருந்தார். ஆகவே தோல்வி முழுவதையும் பயிற்றுநர்மேல் சுமத்துதல் பொருந்தாது. ஆனால், அவர் வெளியேறிய பின்னர் பெக்கன்பவரைக் கட்டிவைக்க ஆளில்லை என்பதே என் கருத்து. இங்கிலாந்துக்காக அவர் ஆடிய 106-ஆவது ஆட்டம் அது. இறுதி ஆட்டமும் அதுவே.