சுரங்கத்துக்கு மேலே ஒரு சாலை

சுவிட்சர்லாந்தின் கோத்தார்ட் கணவாய் 2,106 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரிச்சிலிருந்து மிலானுக்கு நேர்வழி அதுதான். அந்தக் காலத்தில் வியாபாரியோ சிப்பாயோ, வேலை இருந்தால்தான் அந்த மலை ஏறினார்கள். 1830-ல் வண்டிச் சாலை முடிந்தது. 1842 முதல் ஐந்து குதிரை பூட்டிய அஞ்சல் வண்டி தினமும் ஓடியது. அந்தப் பயணத்தை ருடால்ஃப் கொல்லர் 1873-ல் ஓவியமாகத் தீட்டினார். வளைவில் புழுதி பறக்க வண்டி பாய்ந்து வருகிறது. அதற்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி மிரண்டு ஓடுகிறது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குலை நடுங்கியிருக்கும்.

1882-ல் 15 கிலோமீட்டர் ரயில் சுரங்கம் திறந்ததும் அந்தக் குதிரைகளுக்கு வேலை போயிற்று. சுரங்கம் ஏறக்குறைய 200 தொழிலாளர்களைக் காவு வாங்கியது. பணியை ஏற்று நடத்திய லூயி ஃபாவ்ரும் 1879-ல் அதற்குள்ளேயே இறந்தார். 1980-ல் மோட்டார் வண்டிகளுக்கும் 16.9 கிலோமீட்டர் சுரங்கம் வந்தது. தடையில்லாமல் போனால் கால் மணி நேரத்தில் அந்தப் பக்கம். மலை மட்டும் கண்ணில் படாது.

ஆகவே இன்று கணவாய்ச் சாலையில் பெரும்பாலும் விரும்பி வருகிறவர்கள்தான். அவர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர்கள், வீட்டையே வண்டியாக ஓட்டிவரும் மோட்டார்ஹோம்காரர்கள். புறப்படும் முன் அலமாரிகளைத் தாழிட்டு, கேஸ் சிலிண்டரை மூடி, தட்டுகளுக்கு நடுவே துணி செருகுகிறார்கள். மூன்றரை டன் வண்டி மெல்லத்தான் ஏறும். அதனால்தான் ஷோலனன் பள்ளத்தாக்கில் சாத்தான் பாலம் நன்றாகத் தெரிகிறது. சாத்தான் கட்டிக்கொடுத்து, முதலில் கடக்கும் உயிரைக் கூலியாகக் கேட்டானாம். ஊரார் ஒரு வெள்ளாட்டை ஓட்டிவிட்டார்களாம். வண்டிகள் இப்போது 1958-ல் கட்டிய பாலத்தில் போகின்றன. அதன் கீழேயே 1830-ம் ஆண்டுக் கல்வளைவு நிற்கிறது.

இறக்கம்தான் சோதனை. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் கருகிய வாடை வரும். பிறகு மிதித்தாலும் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். கொல்லிமலை ஓட்டுநரும் இதைத்தான் சொல்வார்.

தெற்குச் சரிவில் பழைய ட்ரெமோலா சாலை, கருங்கல் பதித்த 24 கொண்டை ஊசி வளைவுகளோடு அப்படியே இருக்கிறது. நீள வண்டிக்கு அது சரிப்படாது, அகலமான புதுச்சாலைதான் உகந்தது. ஆனால் உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு நாலைந்து வளைவாவது நடந்து இறங்க வேண்டும். ஒவ்வொரு வளைவையும் ஒரு கல்சுவர் தாங்குகிறது. குதிரைகள் இங்கே எப்படித் திரும்பின என்பது அங்கே நின்றால்தான் புரியும்.

இப்போது இரண்டாவது சாலைச் சுரங்கம் தோண்டுகிறார்கள். அது முடிந்தாலும் ஒவ்வொரு சுரங்கத்திலும் ஒரே தடத்தில்தான் வண்டி விடுவார்கள், சட்டம் அப்படி. விடுமுறை நாட்களில் சுரங்கத்தின் கோஷனன் வாசலில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை நிற்பது நின்றுவிடாது. கோடையில் அந்த வரிசையைக் கண்டால் மலைப்பக்கம் திருப்பிவிடுங்கள்.